தொட்டில் கட்டிய வீடு

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அவர்களை முதலில் அழைத்துச் செல்லும் இடம் சனிவார் வாடா. அடுத்தது பார்வதி குன்று. பொழுது மிகுந்தால் ஆகாகான் மாளிகை. இளைஞர் உடன் வந்திருந்தால் சிங்ககட் கோட்டை. இத்துடன் புனே நகரம் முடிந்துவிட்டது என்று எண்ணி, லட்சுமி சாலையில் ஒரு புடைவையும் வாங்கிக் கொடுத்து, விருந்தினரை ரயிலேற்றி விடுகிறோம். கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாய் வாழ்ந்துவரும் நம்மவரில் எத்தனை பேர் கஞ்ச் பேட்டையில் உள்ள அந்தச் சிறிய வீட்டைக் கண்டிருக்கிறோம்? பேட்டையின் பெயரே இன்று மகாத்மா பூலே பேட்டை. வாரந்தோறும் காய்கறி வாங்கச் செல்கிறோமே, அந்தப் பெரிய மண்டைக்கும் அவர் பெயர்தான் இட்டிருக்கிறார்கள். பெயரைப் பலமுறை உச்சரித்த நாம் பெயருக்குரியவரின் வாயிற்படியை மிதித்ததில்லை என்பது சற்றே நாணத்தக்கது. ஆதலின் இவ்வாண்டு மலரில் அவ்வீட்டைப் பற்றியும், அவ்வீட்டார் வாழ்ந்த வாழ்வைப் பற்றியும் சில பக்கங்கள் எழுதத் துணிந்தோம்.

அரண்மனைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஓடு வேய்ந்த தாழ்ந்த கூரை, அதனைத் தாங்கும் மரத்தூண்கள், முற்றம், ஒரு கிணறு, ஒரு துளசி மாடம். சுவர்களில் வீட்டுத் தலைவரின் வாழ்க்கை நிகழ்ச்சிகளை ஓவியங்களாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். மராட்டிய மாநில அரசு அதனை நினைவுச் சின்னமாகக் காத்து வருகிறது. பேஷ்வாக்களின் சனிவார் வாடாவில் எரிந்து எஞ்சியவை பெருங்கதவும் மதிலும் அடித்தளமுமே. இந்த எளிய வீடோ இன்னும் வீடாகவே நிற்கிறது. அவ்வீட்டின் வளாகத்தில்தான் 1863ஆம் ஆண்டில், எவராலும் வேண்டப்படாத பச்சிளங் குழந்தைகளுக்கென ஒரு காப்பகம் திறக்கப்பட்டது. திறந்தவர் ஜோதிராவ் பூலே; குழந்தைகளை ஏந்தியவர் அவருடைய துணைவியார் சாவித்திரிபாய்.

ஜோதிராவ் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் புனேயில் பிறந்தார். பேஷ்வா ஆட்சி 1818இல் வீழ்ந்து ஒன்பது ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. அவருடைய முன்னோர் சதாரா மாவட்டத்துக் கட்குண் என்னும் சிற்றூரினர். மாலி எனப்படும் தோட்டக்கார வகுப்பினர். அவர்களுடைய பழைய குடும்பப் பெயர் கோரே. பாட்டனார் காலத்தில் புனேக்குக் குடியேறி, பேஷ்வாவின் அரண்மனைக்கு மாலையும் மலரணையும் தொடுத்துக் கொடுத்தமையால் பூலே என்ற பெயர் நிலைத்துவிட்டது. பூல் என்றால் மலர் என்பதை இங்கு வாழும் நம் குழந்தைகளும் அறிவர். அரண்மனை கொடுத்த மானிய நிலமும், மலர் வாணிகமும், காய்கறித் தோட்டமும் ஆக, தந்தையார் கோவிந்தராவின் குடும்பத்திற்கு உண்ண உடுக்கக் குறைவில்லை.

குறை வேறொன்று இருந்தது. குழந்தைக்கு ஓராண்டு நிரம்பும் முன்பே தாயார் சிம்ணாபாய் இறந்துபோனார். கோவிந்தராவின் உறவுமுறைப் பெண்ணொருத்தி, சகுணாபாய் என்பவர், இளமையிலேயே கணவனை இழந்தவர். பாதிரியார் ஒருவரின் இல்லத்தில் குழந்தைகளைப் பேணும் வேலை பார்த்து வந்தவர். அவர்தாம் தாயில்லாச் சேயான ஜோதியை எடுத்து வளர்த்தார். ஆங்கிலம் பேசுவோர் வீட்டில் பணிபுரிந்தமையால் அம்மொழியும் அவருக்கு ஓரளவு பழகியிருந்தது. பின்னாளில் ஜோதிராவ் செய்த பணிகளுக்குக் காரணம் தேடுவோர் அவர் படித்த நூல்களை எடுத்துக் காட்டுவர். நமக்கோ, முதற் காரணம் இந்த விதவைத் தாயின் மடியே என்று படுகிறது. தாயற்ற குழந்தை எப்படி இருக்கும் என்பதையும், கணவனற்ற பெண் எவ்வளவு செய்ய வல்லவள் என்பதையும் அவர் ஏட்டில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

பள்ளிப் படிப்பு இடையிலே நின்றது. தோட்டக்காரன் மகனுக்குக் கல்வி எதற்கு என்று அறிந்தவர் ஒருவர் ஓதியதைக் கேட்டுத் தந்தையார் பிள்ளையை நிறுத்திவிட்டார். பையன் மண்வெட்டியுடன் தோட்டத்திற்குச் சென்றான். அண்டையில் வாழ்ந்த காபர் பேக் முன்ஷி என்ற முஸ்லிம் பெரியவரும், லிஜித் என்ற கிறித்துவப் பெருமகனாரும் அவனுடைய அறிவுக் கூர்மையைக் கண்டு தந்தையாரிடம் வாதாடினர். அதன் பயனாக 1841இல் ஸ்காத்லாந்து மிஷன் பள்ளியில் சேர்ந்து 1847இல் படிப்பை முடித்தார். இதற்கிடையே 1840இல், பதின்மூன்று வயதில், அவருக்குத் திருமணமும் ஆகியிருந்தது. மணமகள் சதாரா மாவட்டத்து நாய்காவ் ஊரைச் சேர்ந்த சாவித்திரி, வயது ஒன்பது. எழுத்தறியாத அச்சிறுமிக்கு எழுத்தறிவித்தவர் கணவரே. பின்னர் அகமதுநகரிலும் புனேயிலும் ஆசிரியப் பயிற்சியும் பெறச் செய்தார்.

1848ஆம் ஆண்டு இரு நிகழ்ச்சிகளால் குறிக்கத் தக்கது. பிராமண நண்பர் ஒருவரின் திருமண ஊர்வலத்தில் அழைப்பின்பேரில் நடந்து சென்ற ஜோதிராவ், தாழ்ந்த வகுப்பினன் உடன் வரலாகாது என்று அங்கிருந்தோரால் இழித்துரைக்கப்பட்டார். வீடு திரும்பித் தந்தையிடம் முறையிட்டபோது, பேஷ்வா காலமாயின் இதற்கு யானைக் காலில் இடறியிருப்பார்கள், இத்தோடு விட்டார்களே என்று தந்தையார் ஆறுதல் கூறினாராம். மகனுக்கு அது ஆறுதலாகப்படவில்லை. அதே ஆண்டில் புத்வார் பேட்டையில் பிடே வாடா என்ற வீட்டில் பெண்களுக்கென ஒரு பள்ளி தொடங்கினார். சாவித்திரிபாய் ஆசிரியை ஆனார். இடம் கொடுத்தவர் தாத்யாசாகேப் பிடே என்ற பிராமணர் என்பதை ஈண்டு நினைவில் இருத்துவோமாக. இதற்குப் பின்னர் வருவோம். (அந்தப் பிடே வாடாவும் சிதைந்து, நினைவகம் எழுப்புவதற்காக 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டுவிட்டது. இனிப் பழைய சுவரைக் காண விழைவோர்க்குக் கஞ்ச் பேட்டையே கதி.)

பள்ளிக்கு நடந்து செல்லும் பெண்மணி மீது தெருவில் சாணமும் சேறும் வீசப்பட்டன. அவர் மாற்றுப் புடைவை ஒன்றைப் பையில் எடுத்துச் சென்று, பள்ளியில் உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார் என்பது மராட்டிய நாட்டில் எல்லாரும் அறிந்த கதை. ஊரார் நெருக்குதலுக்கு அஞ்சிய கோவிந்தராவ், பள்ளியை விடுக அல்லது வீட்டை விடுக என்று மகனிடம் கூறினார். 1849இல் கணவனும் மனைவியும் வீட்டை விட்டு வெளியேறினர். தந்தை கல்நெஞ்சர் அல்லர்; தலைமுறை தலைமுறையாக அஞ்சியே வாழ்ந்த குடியில் பிறந்தவர், அவ்வளவே. இடர்கள் மிகுந்தும் பள்ளிகள் பெருகின. ஒடுக்கப்பட்ட வகுப்புச் சிறுவர்க்கும் பள்ளி வந்தது. 1855இல் உழைப்பாளர்க்கு இரவுப் பள்ளி வந்தது. 1852 நவம்பரில் ஆங்கில அரசு விசிராம்பாக் மாளிகையில் அவருக்குச் சால்வை போர்த்திச் சிறப்புச் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவரைக் கொல்ல இருவரை ஏவியதும் உண்டு. வந்தவர் இருவரும் அவர் சொல்லில் மனம் மாறினர் என்றும், அவர்களுள் தோண்டிராம் என்ற குயவர் குலத்தவர் அவரிடமே படித்துப் பண்டிதராகப் பின்னாளில் அவர் இயக்கத்தில் பணியாற்றினார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

நிற்க. இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று இல்லறத்தார் கேட்பது இயல்பு. ஜோதிராவ் எவரிடமும் சம்பளம் வாங்கி வாழ்ந்தவர் அல்லர்; குத்தகைக்காரர். கட்டடப் பணிகளுக்கு வேண்டிய பொருள்களை வழங்கும் ஒப்பந்தங்களை எடுத்தார். நமக்கெல்லாம் குடிநீர் தரும் கடக்வாஸ்லா அணையின் பணியிலும் அவருக்குத் தொடர்பு இருந்தது. நிலமும் வைத்திருந்தார். ஈட்டியதைப் பள்ளிக்கும் காப்பகத்திற்கும் செலவிட்டார். சமூகத் தொண்டர் என்றால் பிறர் கைப்பொருளை எதிர்நோக்குபவர் என்று நாம் எண்ணிப் பழகிவிட்ட காலத்தில் இது குறிப்பிடத்தக்கது.

இனி அந்தக் காப்பகம். அதனை அறிந்துகொள்ள, அக்காலத்துப் பெரிய வீடுகளின் பின்கட்டை அறிந்துகொள்ள வேண்டும். ஐந்து வயதுப் பெண்ணை இருபது முப்பது வயது ஆடவனுக்கும் அதற்கு மூத்தவனுக்கும் மணமுடித்து வைத்தார்கள். கணவன் இறந்தான். பெண் பருவமடையும் முன்பே தலை மழிக்கப்பட்டு, நிறமற்ற ஆடையுடன், ஒருவேளை உணவுடன் அடுக்களை மூலையில் ஒதுக்கப்பட்டாள். மறுமணம் செய்யலாம் என்று 1856இல் சட்டம் வந்தது உண்மை. சட்டம் ஏட்டில் இருந்தது; மறுமணம் செய்துகொண்ட குடும்பத்திற்கு ஊரில் நீரும் நெருப்பும் கிடைக்கவில்லை. பாதுகாப்பற்ற அவ்விளம் பெண் அதே வீட்டிலிருந்த அல்லது அவ்வீட்டிற்கு வந்துபோன ஆடவன் ஒருவனால் கருவுற்றால், அவனுக்கு ஒரு கேடும் இல்லை. அவளுக்கோ மூன்று வழிகளே இருந்தன: நச்சு மருந்துண்டு கருவைக் கலைத்தல், பெற்றுக் கொன்று மறைத்தல், கிணற்றில் தான் விழுதல். யாத்திரை என்று சொல்லிக் காசிக்கு அழைத்துச் சென்று கைவிட்டு வந்த குடும்பங்களும் இருந்தன. இதனை மராட்டிய நாட்டுப் பழி என்று நாம் தமிழர் விலகி நிற்பதற்கில்லை. நம் அக்கிரகாரங்களின் பின்கட்டுகளிலும் இக்கண்ணீர் வடிந்ததே. தாமே பால்ய விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1912ஐ ஒட்டிச் சென்னையில் இளம் விதவையர்க்கு இல்லம் அமைத்ததும், அவ்வில்லம் பின்னர்க் கடற்கரை ஐஸ் ஹவுஸ் மாளிகையில் நடைபெற்றதும் நம்மவர் அறிந்தவை. புனேயில் இக்கேடு ஜோதிராவின் கண்ணெதிரே நிகழ்ந்தது.

அவருடைய நண்பர் சதாசிவ பல்லாள் கோவண்டே. அவர் வீட்டில் காசிபாய் என்ற பிராமண விதவை சமையல் செய்து பிழைத்து வந்தாள். நன்னடத்தை உடையவள். சாஸ்திரி ஒருவன் அவளை வஞ்சித்தான், கருவுற்றதும் கைவிட்டான். கருவைக் கலைக்க முயன்றும் இயலாமற்போக, அவள் குழந்தையைப் பெற்று, அச்சத்தால் மதியிழந்து, அதனைக் கொன்றாள். வழக்கு நடந்தது. அவளுக்கு அந்தமானுக்கு ஆயுள் முழுதும் நாடு கடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது. சாஸ்திரிக்கு எத்தண்டனையும் இல்லை. நண்பர் வீட்டு அடுக்களையில் தமக்கு அன்னம் படைத்திருக்கக் கூடிய ஒருத்தி கடல் கடந்து கைதியாகப் போனதை ஜோதிராவால் பொறுக்க முடியவில்லை. கட்டுரை எழுதினாரா? கூட்டம் கூட்டினாரா? தம் வீட்டு வளாகத்திலேயே இடம் ஒதுக்கினார். அச்சடித்த அறிவிப்புகளைப் பிராமணர் வாழும் தெருக்களின் மூலைகளில் ஒட்டச் செய்தார். கருவுற்ற விதவையர் இங்கு வந்து மறைவாகவும் நலமாகவும் மகவு பெறலாம். குழந்தையை எடுத்துச் செல்வதும் விட்டுச் செல்வதும் தாயின் விருப்பம். விடப்படும் குழந்தையை இவ்வில்லம் வளர்க்கும் என்பதே அவ்வறிவிப்பின் கருத்து. அக்கால நகரில் அத்தகைய சுவரொட்டி எத்தகைய கொந்தளிப்பை எழுப்பியிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளதை உள்ளவாறு தெருமூலையில் ஒட்டிவைத்தால் எவருக்குத்தான் சினம் வராது?

வந்தார்கள். பல ஊர்களிலிருந்தும் வந்தார்கள். பேறு பார்த்தவரும், பத்தியம் கொடுத்தவரும், விடப்பட்ட குழந்தைகளைக் குளிப்பாட்டி உறங்க வைத்தவரும் சாவித்திரிபாய். தமக்கெனக் குழந்தை பிறவாத அவ்வம்மையார் இப்பணியை எவ்வாறு தாங்கினார் என்பதற்கு ஒரு கணக்கு சான்று. 1884இல் பெஹ்ராம்ஜி மலபாரி குழந்தை மணம் பற்றியும் கட்டாய விதவை நிலை பற்றியும் நாட்டறிஞரின் கருத்தைக் கேட்டபோது, ஜோதிராவ் எழுதியனுப்பிய மறுமொழியில் அக்கணக்கு இருக்கிறது. அதுவரை அங்கு வந்து மகவு பெற்றவர் 35 பேர். அம்மகவுகளில் உயிருடன் இருந்தவை 5. எஞ்சிய 30 குழந்தைகளும், கருவை மறைக்கத் தாயர் முன்னரே உண்டிருந்த நச்சு மருந்துகளின் கேட்டினால் மடிந்தன.

இந்த எண்களை நாம் பலமுறை படித்தோம். அறநிலையங்களின் ஆண்டறிக்கை எழுதுவோர், காப்பாற்றிய ஐந்தைப் பெரிதாக எழுதி முப்பதைச் சிறிதாக எழுதுவர். ஜோதிராவ் இரண்டையும் அருகருகே வைத்தார். இருபது ஆண்டுகளில் தொட்டிலிலிருந்து முப்பது முறை இறந்த குழந்தையை எடுத்த ஒரு வீடு அது. முப்பத்தொன்றாவது முறை கதவு தட்டப்பட்டபோதும் அது திறந்தது. மேலும், முப்பத்தைந்து தாயரில் ஒருத்தியும் அந்தமானுக்குப் போகவில்லை. அக்காப்பகத்தின் முதல் நோக்கமே அதுவன்றோ?

வீட்டைத் திறந்து வைத்தவர் தண்ணீரையும் திறந்து வைத்தார். தந்தையார் மறைந்த 1868ஆம் ஆண்டில், தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்டோர் தம் வீட்டுத் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம் என்றார். கோடையில் குடத்துடன் நடந்து நடந்து ஒரு பேட்டையிலும் ஒருவர் கிணற்றிலும் நீர் கிடையாதிருந்தோர்க்கு அது எத்தகைய செய்தி! உறவினர் பலர் அவர் வீட்டில் கைநனைப்பதை விட்டனர். 1876, 1877ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில், அவர் நிறுவிய சத்தியசோதக சமாஜம் தனகவடியில் விக்டோரியா பாலாசிரமம் என்ற பெயரில் குழந்தைகளுக்கு உணவளித்துக் காத்தது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்து நம்மவர் பலரும் வாழும் அந்தத் தனகவடிதான். அன்று நகருக்கு வெளியே இருந்த சிற்றூர்.

இங்கே ஒரு முரண்பாட்டை நாம் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1873ஆம் ஆண்டில் ஜோதிராவ் குலாம்கிரி என்ற நூலை வெளியிட்டார். அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க நாட்டு மக்களுக்கு அதனைக் காணிக்கையாக்கினார். பிராமண ஆதிக்கத்தை அதனினும் கடுமையாகத் தாக்கிய நூல் அக்காலத்தில் இல்லை எனலாம். புராணக் கதைகளை அவர் பொருள்கொள்ளும் முறையை வரலாற்றறிஞர் பலர் ஏற்பதில்லை. நம் குடும்பங்களிலும் அந்நூலைப் படித்து மனம் நொந்தோர் இருக்கக் கூடும். அதே ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், புரோகிதர் இன்றி வழிபடவும் மணம் புரியவும் வழிகாட்டும் சத்தியசோதக சமாஜத்தைத் தோற்றுவித்தார். இத்தகையவர் தம் வீட்டு வளாகத்தில் திறந்த காப்பகம் யாருக்காக? பிராமண விதவையர்க்காக. பள்ளிக்கு இடம் தந்த பிடே யார்? உற்ற துணையாய் நின்ற கோவண்டே யார்? அவருடைய எழுத்தை மட்டும் படிப்போர் அவரை ஒரு வகுப்பின் பகைவர் என்று கொள்வர். எழுத்தையும் வீட்டையும் சேர்த்துப் படிப்போர் அவ்வாறு கொள்ளார் என்பது நம் துணிபு.

1874இல் மற்றொரு பிராமண விதவை, அவள் பெயரும் காசிபாய்தான், உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவளை ஜோதிராவ் காத்து வீட்டிற்கு அழைத்து வந்தார். அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. யசுவந்த் என்ற அக்குழந்தையைக் கணவனும் மனைவியும் தம் மகனாக ஏற்றனர். இதற்கு முன்னரே, வாரிசு வேண்டும், மற்றொருத்தியை மணந்துகொள் என்று சுற்றத்தார் ஜோதிராவை நச்சரித்ததுண்டு. பிள்ளைப்பேறு இன்மைக்குக் குறை ஆடவனிடத்தும் இருக்கக் கூடுமே, அதற்காக மனைவி மற்றொருவனை மணந்தால் பொறுப்பீர்களா என்று அவர் கேட்டு அவர்கள் வாயை அடைத்தார் என்பர். அநாதைக்குச் சோறிடுவது ஓர் அறம், பலர் செய்கிறார்கள். அநாதையைத் தம் பெயருக்கும் நிலத்திற்கும் உரியவனாக்குவது வேறு. சோறிட்டபோது பாராட்டிய உறவினரும் சொத்து என்றவுடன் முகம் சுளிப்பர். 1887இல் ஜோதிராவ் தம் உயிலை எழுதிப் பதிவு செய்தபோது யசுவந்தையே வாரிசாகக் குறித்தார்.

இடைப்பட்ட ஆண்டுகளின் பொது வாழ்வை விரித்துரைக்கப் பக்கம் போதாது. 1876 முதல் 1882 வரை புனே நகரசபையில் உறுப்பினராக இருந்தார். 1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம், அரசு குடியானவரின் வரிப்பணத்தை உயர்கல்வியில் செலவிட்டு ஆரம்பக் கல்வியைப் புறக்கணிக்கிறது என்று எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டில் உழவர் துயரை நூலாக எழுதினார். 1888 மார்ச்சில் கன்னாட்டுக் கோமகனாருக்கு அளிக்கப்பட்ட விருந்திற்கு, ஏழை உழவன் உடையில் சென்று அமர்ந்து, இந்நாட்டு மக்களின் உண்மைத் தோற்றம் இதுவென உணர்த்தினார். அவ்வாண்டு மே 11ஆம் நாள் பம்பாய் மாண்ட்வியில் கூடிய மக்கள் அவருக்கு மகாத்மா என்ற பட்டம் சூட்டினர். காந்தியடிகளுக்கு அப்பெயர் வழங்குவதற்குப் பல்லாண்டுகள் முன்பு நிகழ்ந்தது இது. அவருடைய தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே, விதவையர் தலையை மழிப்பதில்லை என்று 1890இல் பம்பாய் நாவிதர்களை உறுதி கொள்ளச் செய்ததையும் ஈண்டு ஒரு வரி சேர்க்க வேண்டும். கத்தி பிடித்த கையே மறுத்துவிட்டால் சாத்திரம் என்ன செய்யும்!

1888இல் பக்கவாதம் தாக்கி ஜோதிராவின் வலப்பக்கம் செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகித் தம் இறுதி நூலான சார்வஜனிக் சத்திய தர்மத்தை முடித்தார். அது அவர் மறைவுக்குப் பின் 1891இல் வெளிவந்தது. நோயுற்ற நிலையிலேயே மகனின் திருமணத்தையும் கண்டார். விதவையின் மகனுக்குப் பெண் கொடுக்க முன்வருவோர் அரியர். சமாஜத்து அன்பர் கியானோபா சாசனே தம் மகளைக் கொடுத்தார். 1889 பிப்ரவரியில் புரோகிதர் இன்றிச் சமாஜ முறைப்படி மணம் நிகழ்ந்தது.

1890 நவம்பர் 28ஆம் நாள் ஜோதிராவ் காலமானார். தம் உடலை எரிக்காது உப்பிட்டு அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம்; வீட்டின் பின்புறம் குழியும் தோண்டி வைத்திருந்தார். குடியிருப்பின் நடுவே அடக்கம் செய்ய நகராட்சி இசையாமையால் தகனம் செய்ய நேர்ந்தது. பிணம் புறப்படும் நேரத்தில் ஒரு பூசல் எழுந்தது. கொள்ளிச் சட்டியை ஏந்துபவனே வாரிசு என்பது அவ்வூர் வழக்கு. நம் ஊர் வழக்கும் அதுவே. தத்துப்பிள்ளை ஏந்தலாகாது, இரத்த உறவினனாகிய நானே ஏந்துவேன் என்று நெருங்கிய உறவினர் ஒருவர் குறுக்கே நின்றார். அறுபதை எட்டிக்கொண்டிருந்த சாவித்திரிபாய் முன்வந்து, சட்டியைத் தம் கையில் வாங்கிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னே நடந்தார். சிதைக்குத் தீயும் அவரே இட்டார். மனைவி கொள்ளி வைப்பதை நம்மில் மூத்தோர் இன்றும் எளிதில் ஏற்பரோ? அவர் ஏற்படுத்திய புதுமை என்று இதனைப் போற்றுவோர் பலர். நமக்குத் தோன்றுவது, தாம் மார்பில் வளர்த்த பிள்ளையை அயலான் என்று ஊர் நடுவே ஒருவன் சொல்லக் கேட்ட தாயின் செயல் அது என்பதே. எலும்பும் சாம்பலும் வீட்டிற்குக் கொணரப்பட்டு, அவர் தோண்டுவித்த குழியிலேயே இடப்பட்டன. முற்றத்தில் நாம் காணும் சமாதியும் துளசி மாடமும் அவையே.

கணவருக்குப் பின் சாவித்திரிபாய் சமாஜத்தின் பணிகளை முன்னின்று நடத்தினார். யசுவந்த் மருத்துவம் பயின்று டாக்டரானார்; இராணுவத்திலும் பணி செய்தார். 1896இல் பம்பாயில் புகுந்த பிளேக் நோய் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் புனேயில் பரவியது. மக்கள் வீட்டைப் பூட்டி ஊரை விட்டு ஓடினர். சாவித்திரிபாய் மகனை வரவழைத்தார். நகருக்கு வெளியே ஹடப்சர்ப் பக்கம் சாசனே குடும்பத்தின் நிலத்தில் நோயாளர்க்கு மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. தாய் நோயாளரைத் தேடிக் கொணர்ந்தார், மகன் மருந்தளித்தார். காப்பகத்தில் பிறந்து உயிர் தப்பிய குழந்தை, இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஊராரின் உயிரைக் காக்க நின்றது.

முண்ட்வா ஊரின் மகர் குடியிருப்பில் பாண்டுரங்க பாபாஜி கெய்க்வாட் என்ற சிறுவனுக்கு நோய் கண்டது. சாவித்திரிபாய் அங்குச் சென்று, அவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவ நிலையத்திற்குக் கொண்டுவந்தார். அவருக்கு அப்போது வயது அறுபத்தாறு. தொற்று அவரையும் பற்றியது. 1897 மார்ச் 10ஆம் நாள் அவர் இறந்தார். சிறுவன் பிழைத்துக்கொண்டான்.